துரையின் வழக்கும் ஒரு பெட்டி மாம்பழமும்

எங்கட வீட்டில் ஒரு வெள்ளைக்காரத் துரை இரண்டு வருஷத்துக்கு மேல் குடியிருந்தார். வாடகை தரமாட்டார், ஒரு கோப்பை கழுவமாட்டார், ஆனால் சாப்பாட்டு நேரம் தவறாமல் மேசைக்கு வந்துவிடுவார். செத்து நானூறு வருஷம் ஆன ஆள். அவரைக் கூட்டிக்கொண்டு வந்தது என்ரை மனுசன்தான். எங்கட பகுதி நோபல் பார்க் நூலகத்தில், ஆட்கள் திருப்பிக் கொடுத்த புத்தகங்களைப் போடுகிற தள்ளுவண்டியில் கிடந்தாராம். செங்கல் மொத்தத்தில் ஒரு வாழ்க்கை வரலாறு. தவணை முடிய முடியப் புதுப்பித்து, பிறகும் புதுப்பித்து, கடைசியில் அந்தப் புத்தகத்துக்கு எங்கட சாப்பாட்டு மேசையில் ஒரு நிரந்தர இடமே ஆகிவிட்டது.

"ஆர் உது?" என்று முதல் நாள் கேட்டேன்.

"பழைய காலத்து இங்கிலாந்திலை பெரிய நீதவான். ராசாவுக்கு அடுத்த ஆள் எண்டே சொல்லலாம். தத்துவஞானியும்."

"எங்கட வீட்டிலை இப்ப அதுதான் குறை" என்றேன். அவர் சிரிக்கவில்லை. அந்த நாட்களில் அவர் எதுக்கும் சிரிக்கிறதில்லை.

அந்தத் துரையைப் பற்றி எனக்கு விளங்கினதைச் சொல்லிவிடுகிறேன். ஆள் ஒரு சட்டத்தரணி. கெட்டிக்காரன். படிப்படியாய் ஏறி, ராசாவின் முத்திரையைக் கையில் வைத்திருக்கிற பதவிக்கு வந்தார். நாட்டிலேயே பெரிய நீதிமன்றத்தில் தீர்ப்புச் சொல்கிற கதிரை. அதோடு, முன்னோர் சொன்னார்கள் என்பதற்காக ஒன்றையும் நம்பாதே, நீயே பார், தொடு, சோதி, பிறகு சொல் என்று எழுதினார். இப்ப இருக்கிற விஞ்ஞானத்துக்கு அவரும் ஒரு பாட்டன் என்று இவர் சொல்லுவார். ஆனால் அதே துரை, தன்ரை நீதிமன்றத்தில் வழக்கு வைத்திருந்த ஆட்களிட்டைப் பரிசு வாங்கினார். பிடிபட்டார். ஓம், வாங்கினனான் என்று ஒப்புக்கொண்டார். பதவி போனது, மானம் போனது. வீட்டில் இருந்து சாகும் வரைக்கும் எழுதினார்.

இந்த மனிதனில் என்ரை மனுசனுக்கு ஏன் இவ்வளவு பிடிப்பு வந்தது என்றால், அதுக்கு நான் மாம்பழக் கதையைச் சொல்லவேணும்.

இவர் டண்டினோங் பக்கம் கார் உதிரிப்பாகம் செய்கிற தொழிற்சாலையில் தரம் பார்க்கிற வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். தோசையைக்கூடத் திருப்பிப் பார்த்துத்தான் வாயில் வைப்பார். அப்படி ஒரு பிறவி. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் எத்தனையோ வருஷம் பேச்சுப் போட்டிக்குத் தலைமை நடுவர் அவர்தான். "அவர் இருந்தால் சரியாய் இருக்கும்" என்று பெற்றோர் சொல்லுவினம். அந்த ஒரு வார்த்தைக்காக மனுசன் காய்ச்சலோடும் போயிருக்கிறார். அதுக்காக நான் அவரை ஏசியும் இருக்கிறேன், பெருமைப்பட்டும் இருக்கிறேன்.

ஒரு வருஷம், போட்டிக்கு ஒரு கிழமைக்கு முன்னம், பக்கத்துத் தெருவில் இருக்கிற ஒரு பிள்ளை எங்கட வீட்டுக்கு வந்தா. பிள்ளை என்கிறேன், அவவுக்கே பதினாறு வயதில் ஒரு மகள். அந்த மகளின் பேச்சுக்காக இவரிட்டை இரவல் வாங்கின அகராதியைத் திருப்பித் தர வந்தவ. நான் வேலையில் நின்றேன். முதியோர் இல்லத்தில் நேர்ஸ் வேலை எனக்கு, அன்றைக்குப் பின்னேர ஷிப்ட். எங்கட ஆட்கள் ஆரின்ரை வீட்டுக்கும் வெறுங்கையோடு போவினமோ? செத்தாலும் போகமாட்டினம். மாம்பழக் காலம். குயின்ஸ்லாந்தில் இருந்து லொறி லொறியாய் வந்து இறங்கும், சந்தையில் பெட்டிக் கணக்கில்தான் வாங்குவோம். அவவும் ஒரு பெட்டியோடு வந்து நின்றா. "போட்டி வருகுது, நான் நடுவர், வேண்டாம்" என்று சொல்ல இவருக்கு வாய் வரவில்லை. வாசலில் நிற்கிற மனுசியின் கையில் இருக்கிற பழத்தைத் திருப்பி அனுப்புகிறதும் அவவின் முகத்தில் கதவை அடிக்கிறதும் எங்களுக்கு ஒன்றுதானே. வாங்கி வைத்துவிட்டார். நான் வேலையால் வர வீடு முழுக்க மணம். பொய் சொல்லக்கூடாது, நல்ல பழம். இரண்டு பேரும் கோப்பை கழுவுகிற சிங்கில் குனிந்து நின்று, முழங்கை வழிய வழியச் சாப்பிட்டோம்.

போட்டியில் அவவின் மகளுக்கு, அந்தப் பெட்டைக்கு, இரண்டாம் இடம் கிடைத்தது. ஒரு சொட்டுப் புள்ளியில்தான் முதலாம் இடம் போனது. வருஷக் கடைசிப் பெற்றோர் கூட்டத்தில் தாய் எழும்பினா. அவவுக்குக் கோபம் வந்தால் வாய்க்கு முன்னாலே மூளை ஓடாது. அதில் அவவும் நானும் ஒரே சாதி.

"அண்ணை, நீங்களே நியாயத்தைச் சொல்லுங்கோ! ஒரு பெட்டி மாம்பழம் கொண்டுவந்து தந்தனான், நீங்களும் வாங்கினனீங்கள். பிறகும் எங்கட பிள்ளைக்கு இரண்டாம் இடமோ?"

அவ இலஞ்சம் என்று நினைத்துச் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து போகிற உரிமையில் கேட்டா. கையை நனைத்த உறவு, இப்படிச் செய்யலாமோ என்கிற மாதிரி. ஆனால் மண்டபம் முழுக்கக் கேட்டுவிட்டது. முதலில் எல்லாரும் சிரித்தார்கள். பிறகு சிரிப்பு நின்றது. பின்வரிசையில் ஆரோ ஒரு கோதாரி, "ஓகோ, அப்ப ரேட் ஒரு பெட்டியோ?" என்றான். அந்தக் குரல் ஆருடையது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் அவனுக்கு அன்றைக்கே நல்லாய்க் கிடைத்திருக்கும்.

என்ரை மனுசன் எழும்பினார். சாவிக்கொத்தில் இருந்து மண்டபத் திறப்பைக் கழற்றிப் பள்ளித் தலைவரின் மேசையில் வைத்துவிட்டு வெளியில் வந்து காரில் இருந்தார். அதற்குப் பிறகு அந்த மண்டபத்துக்குள் அவர் கால் வைக்கவில்லை. கலியாண வீடுகளுக்குப் பிந்திப் போய் முந்தி வருவார். கோயிலில் தூணுக்குப் பின்னால் நிற்பார். தமிழ்க் கடைக்குக்கூட நான்தான் போகவேணும். மாம்பழக் காலம் வந்தால் எங்கட வீட்டில் அப்பிள் சாப்பிட்டோம். எனக்கு அப்போது ஒரே ஒரு ஆசைதான் இருந்தது. இந்த மனுசன் திரும்பவும் அந்த மண்டபத்துக்குள் நிமிர்ந்து நடந்து போகவேணும். வீடோ காரோ நகையோ எனக்கு வேண்டாம், இதைப் பார்த்தால் போதும் என்று முருகனிட்டைக் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

முருகன் துரையை அனுப்பினார்.

"இஞ்சை பாரும்!" என்று ஒரு நாள் இவர் மேசையில் தட்டினார். எவ்வளவு காலத்துக்குப் பிறகு அந்தக் குரலில் ஒரு உயிர். "துரையிலை குற்றம் சொன்ன ஆட்கள் ஆர் எண்டு தெரியுமோ உமக்கு? பரிசு குடுத்தும் வழக்கிலை தோத்த ஆட்கள்! அவர் வாங்கினவர்தான். ஆனால் வாங்கினதுக்காகத் தீர்ப்பை மாத்தேல்லை. குடுத்தவனுக்கு எதிராயே தீர்ப்புச் சொல்லியிருக்கிறார். விளங்குதோ?"

விளங்கினது. நல்லாய் விளங்கினது. மாம்பழம் தந்த வீட்டுக்கு இரண்டாம் இடம் கொடுத்த மனுசன், நானூறு வருஷத்துக்கு அங்காலே தனக்கு ஒரு கூட்டாளியைக் கண்டுபிடித்துவிட்டார்.

அன்று தொடங்கினது எங்கட குசினியில் விசாரணை. இவர் துரைக்காக வாதாடுவார், நான் வெங்காயம் வெட்டிக்கொண்டே எதிர்த்தரப்பு. துரையைக் கைதூக்கி விட்ட ஒரு சிநேகிதன் இருந்தானாம். அவன் அரசாங்கத்தோடு முரண்பட்டு அகப்பட்டபோது, அவனுக்கு எதிராய் நின்று வாதாடினது இந்தத் துரைதானாம். சிநேகிதனுக்குத் தலை போனது. "அறுவான்!" என்று திட்டிக் கத்தியை வைத்துவிட்டேன். "உப்பிடிப்பட்ட ஆளுக்கோ நீங்கள் வக்காலத்து வாங்குறியள்?" அன்று இரவு இரண்டு பேரும் முகம் பார்க்காமல் புட்டுச் சாப்பிட்டோம். ஒரு வெள்ளைக்காரனின் சிநேகிதனுக்காக நாங்கள் கோபித்துக்கொண்டதை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது.

துரை செத்த கதை இன்னும் பகிடி. பனிக்காலத்தில் வண்டியில் போகும்போது, பனிக்குள் வைத்தால் இறைச்சி பழுதாகாதோ என்று ஒரு யோசனை வந்ததாம். வண்டியை நிறுத்தி, ஒரு கோழி வாங்கி, அதன் வயிற்றுக்குள் பனியை அடைத்தாராம். அந்தக் குளிர் பிடித்து அவரே போய்ச் சேர்ந்தார். உண்மையோ கட்டுக்கதையோ என்று இவருக்கும் நிச்சயமில்லை. நான் பிரீசரில் இருந்து ஞாயிற்றுக்கிழமைக் கோழியை எடுக்கிற நேரத்தில் இதைச் சொன்னார்.

"அப்ப அந்தக் கோழியை ஆர் சமைச்சது?" என்று கேட்டேன்.

இவர் யோசித்தார். புத்தகத்தைப் புரட்டியும் பார்த்தார். "அது போடேல்லை" என்றார், உண்மையாகவே கவலையோடு. நான் சிரித்த சிரிப்பில் அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. எனக்குத் துரையில் மெல்லமாய் ஒரு விருப்பம் வந்தது அந்த நேரத்தில்தான். எல்லாம் போன பிறகும் ஒரு கோழியைக் கண்டு வண்டியை நிறுத்துகிற மனுசன் முழுக்கக் கெட்டவனாய் இருக்க ஏலாது என்று பட்டது.

இதுக்கு இடையில், இரண்டாம் இடம் எடுத்த அந்தப் பெட்டையை ஒரு நாள் சூப்பர் மார்க்கெட்டில் கண்டேன். பல்கலைக்கழகத்துக்குப் போய்க்கொண்டு, பின்னேரங்களில் அங்கே காசாளர் வேலை. "எப்பிடிப் பிள்ளை, சுகமோ?" என்றேன். இங்கிலீஷில் பதில் சொன்னாள். தமிழ்ப் பள்ளியில் பெரிய பிள்ளைகள் சின்ன வகுப்புகளுக்கு உதவி செய்கிறார்களே, நீ ஏன் வருவதில்லை என்று கேட்டேன். தமிழை விட்டு நாளாகிவிட்டது அன்ரி என்று அதையும் இங்கிலீஷிலேயே சொன்னாள். மற்றப் பிள்ளைகள் அவளை 'மேங்கோ' என்று கூப்பிட்டுக் கூப்பிட்டுத் துரத்தினது பிறகுதான் எனக்குத் தெரியவந்தது. கண்டதையும் கேட்டதையும் இவரிட்டை நான் சொல்லவில்லை. நொந்துபோய் இருக்கிற மனுசனை இன்னும் நோகடிக்க மனம் வரவில்லை.

போன வருஷம் மண்டபத்தில் மூத்தோர் ஒன்றுகூடல் ஒன்று தொடங்கினார்கள். மாதத்தில் ஒரு ஞாயிறு, தேத்தண்ணி, வடை, ரோல்ஸ், பிறகு ஆராவது ஒரு ஆள் ஒரு விஷயத்தைப் பற்றிப் பேசவேணும். நடத்துகிறது தமிழ்நாட்டில் இருந்து புதிதாய் வந்த ஒரு பிள்ளை, ஐ.டி. வேலை. பழைய கதை ஒன்றும் அவளுக்குத் தெரியாது. நூலகத்தில் இவர் அந்தச் செங்கல் புத்தகத்தோடு இருந்ததைப் பார்த்திருக்கிறாள். நேரே வீட்டுக்கு வந்துவிட்டாள்.

"அங்கிள், டிசம்பர் மீட்டிங்ல நீங்க பேசணும். இந்த ஆளைப் பத்தியே பேசுங்க. அவரு வாழ்க்கை, அவரு விட்டுட்டுப் போனது, எல்லாத்தையும் எடை போட்டுச் சொல்லுங்க. ஒரு மணி நேரம் போதும்."

"இல்லைப் பிள்ளை, நான் மண்டபத்துக்கு வாறேல்லை" என்றார் இவர்.

"ஏன் அங்கிள்?"

அவர் வாயைத் திறக்க முன்னம் நான் குசினிக்குள் இருந்து ஓடிவந்தேன். "ஓம் பிள்ளை, கட்டாயம் பேசுவார். நீர் பேரைப் போடும்."

"தேங்க்ஸ் ஆன்ட்டி!" என்று அவள் போய்விட்டாள். வெறுங்கையோடு வந்தவள், நல்ல காலம்.

கதவு சாத்தினதும் வெடித்தது. "உம்மை ஆர் கேட்டது?" என்று இவர் கத்த, "உங்களைத் தூணுக்குப் பின்னாலை பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துப் போச்சு!" என்று நான் கத்த, அயல் வீட்டு நாயும் சேர்ந்து குரைத்தது. நான் அழுதேன். அழுகையைக் கண்டால் அவர் அடங்கிவிடுவார் என்று எனக்குத் தெரியும், ஆனால் அன்று அதுக்காக அழவில்லை. உண்மையாகவே அழுகை வந்தது. சில நாள் கதைக்காமல் திரிந்தார். பிறகு ஒரு பின்னேரம் கராஜுக்குள் அவர் குரல் கேட்டது. "மதிப்புக்குரிய பெரியோர்களே" என்று காரைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார்.

பேச்சு உருவானது. துரையின் பிறப்பு, படிப்பு, பதவி, எழுத்து, வீழ்ச்சி எல்லாம் ஒழுங்காய் வைத்தார். முடிவை எனக்கு முன்னால் சொல்லிப் பார்த்தார்: "துரையின் கையில் கறை இருந்தது. தீர்ப்பில் கறை இருக்கவில்லை." சொல்லிவிட்டு, பாராட்டு வரும் என்று என்னைப் பார்த்தார்.

எனக்கு அந்தச் சூப்பர் மார்க்கெட் முகம் ஞாபகம் வந்தது. அதை மனதுக்குள் வைத்திருந்தது இனிப் போதும் என்று தோன்றினது.

"சரி. எங்கட அந்தப் பிள்ளை அண்டைக்கு எப்பிடிப் பேசினவள்?"

"எந்தப் பிள்ளை?"

"எந்தப் பிள்ளை எண்டு உங்களுக்குத் தெரியும்."

"நல்லாத்தான் பேசினவள்."

"நல்லா எண்டால்? முதலாம் இடம் எடுத்த பெடியனை விடவோ?"

அவர் எழும்பி வெளியில் போனார். டிசம்பர் மாதம், இங்கே கோடை, இரவு ஒன்பது மணி வரைக்கும் வெளிச்சம். ஏற்கெனவே தண்ணி விட்டிருந்த கறிவேப்பிலை மரத்துக்குத் திரும்பவும் தண்ணி விட்டார். விட்டுக்கொண்டே நின்றார், தண்ணி வழிந்து சீமெந்துப் பாதைக்கு வந்துவிட்டது. நான் யன்னலுக்குள்ளால் பார்த்துக்கொண்டு நின்றேன். கேட்டிருக்கக்கூடாதோ, மனுசன் இனி மண்டபத்துக்கே வரமாட்டாரோ என்று பயந்தேன்.

ஆனால் வந்தார். அந்த ஞாயிறு காலை அவரே காற்சட்டை, சேட் எல்லாம் அயன் பண்ணினார். மண்டப வாசலில் அவர் கால் நின்றுவிட்டது. உள்ளே, தேத்தண்ணி மேசையில் கோப்பை அடுக்கிக்கொண்டு நின்றது மாம்பழப் பெட்டையின் தாய். அவ அந்த ஒன்றுகூடலுக்குத் தேத்தண்ணி ஊற்ற உதவிக்கு வருகிறவ, அது எனக்கும் தெரியாது. அவவுக்குக் கார் ஓடத் தெரியாது, அதனால் மகளும் வந்து பின்வரிசைக் கதிரையில் போனைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். தாய் இவரைக் கண்டதும் கோப்பையைக் கீழே வைத்தா.

"நடவுங்கோ" என்று நான் முதுகில் ஒரு தள்ளுத் தள்ளினேன்.

மேடையில் ஏறினார். முதல் அரை மணி நேரம் நல்லாய்ப் போனது. கோழிக் கதைக்கு எல்லாரும் சிரித்தார்கள். சிநேகிதன் கதைக்கு முன்வரிசை அன்ரி ஒருவர் என்னை மாதிரியே "அறுவான்" என்றா. நான் மூச்சு விட்டேன். இனி முடிவைச் சொல்லிவிட்டு இறங்கினால் சரி.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"துரை ஒண்டு எழுதியிருக்கிறார். மனம் ஒரு முடிவை விரும்பிட்டுது எண்டால், பேந்து எல்லாத்தையும் அந்தப் பக்கத்துக்கே இழுத்துக்கொண்டு போகுமாம். எனக்கும் அதுதான் நடந்தது. அவர் பரிசு தந்த ஆட்களுக்கு எதிராயும் தீர்ப்புச் சொன்னவர், அதாலை அவரின்ரை தீர்ப்பு சுத்தம் எண்டு இவ்வளவு நாளும் நம்பினன். நம்ப விரும்பினன். ஏனெண்டால் நானும் அப்பிடித்தான் எண்டு நினைச்சன். இஞ்சை கனபேருக்கு அந்த மாம்பழக் கதை தெரியும்."

அந்தத் தமிழ்நாட்டுப் பிள்ளை ஒன்றும் விளங்காமல் என்னைப் பார்த்தாள்.

"பரிசு வாங்கினது மனதிலை உறுத்தினபடியாலைதான் அவர் எதிராய்ச் சொன்னாரோ? துரைக்கு எப்பிடியோ எனக்குத் தெரியாது. எனக்கு நடந்தது எனக்குத் தெரியும். அண்டைக்கு அந்தப் பிள்ளை பேசி முடிச்ச உடனேயே அவள்தான் முதலாவது எண்டு எனக்குத் தெரியும். பேனையை எடுத்தன். மாம்பழம் ஞாபகத்துக்கு வந்தது. நாளைக்கு ஆரும் ஒரு சொல் சொல்லிப்போடுவினமோ எண்டு பயந்தன். குறைச்சுப் போட்டன். முதலாம் இடம் எடுத்த பெடியனிலை ஒரு பிழையும் இல்லை, அவனும் நல்லாப் பேசினவன். பிழை என்னிலை. பழம் என்ரை தீர்ப்பை மாத்தேல்லை எண்டு வீட்டிலை எத்தனை தரம் சொன்னன்! மாத்தினது. மற்றப் பக்கமாய் மாத்தினது. என்ரை பேரைக் காப்பாத்த, ஒரு பிள்ளையின்ரை இடத்தை எடுத்திட்டன்."

இந்த மனுசனை ஓடிப்போய் ஒரு அடி அடிக்கவேணும் போலவும் இருந்தது, கட்டிப்பிடிக்கவேணும் போலவும் இருந்தது. இவ்வளவு காலமும் அவர் ஒளிந்து திரிந்தது மற்ற ஆட்களின் கதைக்குப் பயந்து என்றுதான் நினைத்திருந்தேன்.

"துரையை எடை போடச் சொன்னியள். பதவியை வைச்சுப் பார்த்தால் ஆள் தோத்துப்போனார். சிநேகிதனுக்குச் செய்ததை நான் மன்னிக்கமாட்டன், என்ரை மனுசியும் விடமாட்டா." ஆரோ மெல்லச் சிரித்தார்கள். "ஆனால் பிடிபட்ட உடனே வாங்கினனான் எண்டு ஒத்துக்கொண்டார். பேந்து மூலைக்குள்ளை கிடந்து அழேல்லை, வேலை செய்தார். முதல்லை பார், பேந்து சொல் எண்ட பழக்கத்தை உலகத்துக்கு விட்டிட்டுப் போனார். அவருக்கே அது எல்லா நாளும் கைவரேல்லை. எண்டாலும் அந்தப் பழக்கம் நிண்டிட்டுது. அதுதான் அவரின்ரை சொத்து. நானும் கொஞ்சம் பிந்தித் திருப்பிப் பார்த்தன். அண்டைக்கு முதலாம் இடம் அவளின்ரை. அவ்வளவுதான்."

ஒருவரும் கை தட்டவில்லை. தட்டலாமோ கூடாதோ என்று ஒருவருக்கும் தெரியவில்லை. அப்போது தேத்தண்ணி மேசையில் இருந்து ஒரு குரல்.

"அப்ப அண்டைக்கு நான் கத்தினது சரிதான்!"

மண்டபமே வெடித்துச் சிரித்தது. சிரித்துச் சிரித்து, அந்தத் தாயின் கண்ணால் தண்ணி வழிந்தது, அது சிரிப்பால் மட்டும் இல்லை. மகள் எழும்பினாள். போனைக் காற்சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு முன்னுக்கு நடந்து வந்தாள். மேடைக்குக் கீழே நின்று இவரை அண்ணாந்து பார்த்தாள்.

"ஐ நியூ, அங்கிள்" என்றாள். பிறகு கொஞ்சம் யோசித்து, சொல் சொல்லாய்த் தேடி எடுத்து, தமிழில் சொன்னாள். "எனக்கு அண்டைக்கே தெரியும். மார்க்ஸ் போடேக்க நீங்கள் என்னைப் பாக்கேல்ல."

இவர் மேடையால் இறங்கி வந்தார். அந்தப் பிள்ளைக்கு முன்னால் கை கூப்பினார். அறுபத்தெட்டு வயது மனுசன். அவள் பதறிப்போய் அந்தக் கையைப் பிடித்து இறக்கினாள்.

"அந்தப் பேச்சு இன்னும் கொஞ்சம் ஞாபகம் இருக்கு" என்றாள்.

தமிழ்நாட்டுப் பிள்ளை கெட்டிக்காரி. அதுக்குள் அவளுக்குப் பாதிக்கதை விளங்கிவிட்டது. மைக்கைக் கொண்டுவந்து அந்த மகளின் கையில் கொடுத்துவிட்டாள். பெட்டை மேடை ஏறினாள். தொடக்கம் நல்லாய் வந்தது, கணீர் என்று. நடுவில் மறந்துபோனது. "சொறி, சொறி" என்று மன்னிப்புக் கேட்டாள். பிறகு வேறு எங்கேயோ இருந்து பிடித்துக்கொண்டு போனாள். இரண்டு இடத்தில் தமிழ்ச் சொல் வராமல் இங்கிலீஷைப் போட்டு நிரப்பினாள். என்ரை மனுசன் முன்வரிசையில், கதிரையின் நுனியில் இருந்து, கண் வெட்டாமல் அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கையில் பேனையும் இல்லை, கடதாசியும் இல்லை. அவள் முடித்ததும் முதலில் எழும்பிக் கை தட்டினது அவர்தான். பிறகு மண்டபம் முழுக்க எழும்பினது. நான் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, முருகா, இது போதும் என்று சொன்னேன். வாய்விட்டே சொன்னேன்.

ஆட்கள் தேத்தண்ணிக்கு வந்தார்கள். தாய் ஒரு பக்கமாய் நின்று கையைப் பிசைந்தா. என்ன என்று கேட்டேன்.

"அக்கா, கார் டிக்கியிலை ஒரு பெட்டி மாம்பழம் கிடக்கு. எல்லாருக்கும் வெட்டிக் குடுப்பம் எண்டுதான் இண்டைக்குக் காலமை வாங்கினனான். அண்ணையை வாசலிலை கண்டோடனே எடுக்கப் பயந்திட்டன்."

அவ மெல்லத்தான் சொன்னா. ஆனால் அவவின் மெல்லம் எங்களுக்குத் தெரியும்தானே, மண்டபத்தில் பாதிப் பேருக்குக் கேட்டது. எல்லாரும் இவரைத் திரும்பிப் பார்த்தார்கள். இவர் தேத்தண்ணிக் கோப்பையை மேசையில் வைத்தார். பிறகு, போட்டி நாட்களில் முடிவை அறிவிக்கிற அந்தப் பழைய பெரிய குரலில் சொன்னார்.

"கொண்டாங்கோ. தீர்ப்புச் சொல்லியாச்சு. இனிச் சாப்பிடலாம்."

நான் கத்தி எடுக்க மண்டபக் குசினிப் பக்கம் ஓடினேன்.